என் கைபேசியில் ஒழுகவில்லை

கீழ்வீட்டுத் தையல்காரம்மா முதன்முதலாக மேலே வந்து எங்கள் கதவைத் தட்டியபோது அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் மக்கு இருந்தது. உள்ளே கொஞ்சம் தண்ணீர். ஏதோ கோயிலுக்குப் போய்வந்து தீர்த்தம் கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்து, பக்தியோடு வலது கையைக் குழித்து நீட்டினேன்.

"குடிச்சிடாதீங்க சார். உங்க பாத்ரூம் தண்ணி அது," என்றார்.

தொம்மலூரில், கண்ணாடி போட்ட ஆபீஸ் கட்டடங்களுக்குப் பின்னால் பழைய ஊர் இன்னும் மிச்சமிருக்கும் ஒரு சந்தில் இருக்கிறது எங்கள் கட்டடம். முதல் மாடி வீடு எங்களுடையது. கீழ்வீட்டில் அவர் வாடகைக்கு இருக்கிறார். அவருடைய ஓனர் ஓசூரில் இருக்கிறார். ஒழுகல் என்ற சொல்லைக் கேட்டாலே அவர் போனில் சிக்னல் போய்விடும். தையல்காரம்மாவுக்குப் பிறந்த ஊர் கோலார் தங்கவயல். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கத்தை மூடிய பிறகு குடும்பம் பெங்களூருக்கு வந்துவிட்டது. இங்கே அவர் செய்வது கல்யாண ரவிக்கைகளுக்கான ஆரி வேலை. துணியை ஒரு மரச்சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் ஜரிகையும் மணியும் கோத்து, மயிலும் மாங்காயுமாக நிரப்ப வேண்டும். அந்தச் சட்டம் கிட்டத்தட்ட ஒரு கட்டில் அளவு இருக்கும். அவர் வீட்டில் அது அடங்குவதும், ஊசி தெரிகிற அளவுக்கு வெளிச்சம் வருவதும் ஒரே ஓர் அறையில்தான். அந்த அறைக்கு நேர் மேலே இருக்கிறது எங்கள் குளியலறை.

சட்டத்தில் அப்போது ஒரு மணப்பெண்ணின் முகூர்த்த ரவிக்கை இருந்தது. அரக்கு நிறப் பட்டு. புடவையோடு வந்த துண்டு. கெட்டுப்போனால் அதே நிறத்தில் இன்னொன்று தேட முடியாது.

"ஒரு சொட்டு உழுந்தா சாயம் நகந்து வட்டமா நின்னுடும் சார். அப்புறம் அத ஒண்ணும் பண்ண முடியாது. அந்தப் பொண்ணோட அம்மா சொல்லித்தான் இந்த ஏரியா பூரா எனக்கு வேல வருது. இது கெட்டுச்சுன்னா நான் மெஷினத் தூக்கிக்கினு வேற ஏரியாவுக்குத்தான் போவணும்."

சொட்டு அதுவரை சட்டத்துக்குச் சற்றுத் தள்ளியே விழுந்துகொண்டிருந்தது. சட்டத்தை நகர்த்த அந்த அறையில் இடமில்லை. ஆனால் சொட்டு நகர்வதற்குக் கூரையில் நிறைய இடம் இருந்தது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பது இப்போது தெளிவாகத் தெரிகிறது. அப்போது நான் செய்தது, சட்டைப்பையிலிருந்து கைபேசியை எடுத்து அவரிடம் காட்டியது. திரையில் நான்கு பச்சை வட்டங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு டிக்.

"நம்ம வீட்ல எங்கயும் ஒழுகலியேம்மா. சென்சார் வச்சிருக்கோம். எல்லாம் டிரைன்னு காட்டுது பாருங்க."

அவர் கைபேசியைப் பார்த்தார். மக்கைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உங்க போன்ல ஒழுகல சார். என் வூட்லதான் ஒழுகுது."

யோசித்துப் பார்த்தால் இரண்டுமே உண்மையாக இருந்தன. இரண்டு உண்மைகள் ஒரே வாசற்படியில் நின்றால் எதற்கு முதலில் வழிவிடுவது என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. பார்க்கலாம் என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தேன். பெங்களூரில் எல்லா மொழிக்காரர்களுக்கும் புரிகிற பதில் அது.

சென்சார்கள் என் மைத்துனன் கொடுத்தவை. மனைவியின் தம்பி; வைட்ஃபீல்டு பக்கம் ஐ.டி. வேலை. என் பிறந்தநாளுக்கு வந்தவன் ஒரு பெட்டியை நீட்டி, "மாமா, இனிமே வீட்டப் பத்தி நீங்க கவலையே படத் தேவையில்ல," என்றான். அதற்கு முன்னும் நான் பட்டதில்லை என்பதை அவனிடம் சொல்லவில்லை. பெட்டிக்குள் தட்டை அளவில் நான்கு வெள்ளை வில்லைகள். அடிப்பக்கம் இரண்டு உலோகப் பொட்டுகள். அவற்றில் தண்ணீர் பட்டால் வில்லை வீல் என்று கத்தும். நான் எங்கிருந்தாலும் கைபேசிக்கு எச்சரிக்கை வரும். குளியலறைத் தரையில் ஒன்று, சமையலறை சிங்க்குக்கு அடியில் ஒன்று, பாத்திரம் கழுவும் இடத்தில் ஒன்று, வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் ஒன்று என்று அவனே வைத்துவிட்டுப் போனான்.

அந்தக் கருவியை யோசித்துச் செய்தவர் நம் ஊரில் குளித்ததில்லை என்பது மறுநாளே தெரிந்துவிட்டது. அவர் நாட்டில் குளியலறைத் தரை என்பது காய்ந்திருக்கும் ஒன்று போலிருக்கிறது. அது நனைந்தால் ஆபத்து. நம் வீட்டில் தரை நனைந்திருந்தால் ஆட்கள் இருக்கிறார்கள் என்று பொருள். காய்ந்து கிடந்தால்தான் எல்லாரும் ஊருக்குப் போய்விட்டார்களா என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள். நான் குளித்தேன், கத்தியது. வேலைக்கார அம்மா பாத்திரம் தேய்த்தார், கத்தியது. வெள்ளிக்கிழமை மனைவி வீட்டைக் கழுவிவிட்டபோது நான்கும் சேர்ந்து கத்தின.

ஆபீஸில் ஒரு மீட்டிங்கின் நடுவே என் கைபேசி அலறி, குளியலறையில் நீர்க்கசிவு என்று அறிவித்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வெளியே ஓடி வீட்டுக்குப் போன் போட்டேன்.

"குளிச்சேங்க," என்றாள் மனைவி. "நான் குளிச்சத இது உங்க ஆபீசுக்குத் தகவல் குடுக்குதா?"

"உன் தம்பி வாங்கிக் குடுத்ததுதானே?"

"அவன் வரட்டும், பேசிக்கிறேன்."

ஆனால் பேச வேண்டிய தேவை வரவில்லை. கொஞ்ச நாளில் வில்லைகள் தாமாகவே அமைதியாகிவிட்டன. குளித்தால் கத்துவதில்லை, கழுவினால் கத்துவதில்லை. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. செயற்கை அறிவு, செயற்கை அறிவு என்று நாளெல்லாம் பேசுகிறார்களே, அது இதுதான் என்று முடிவு செய்தேன். எது வாழ்க்கை, எது கசிவு என்று பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டது. எங்கள் குடும்பத்தை யாரோ இவ்வளவு பொறுமையாகப் புரிந்துகொண்டது அதுவே முதல் தடவை. ஆகவே அதை நம்பினேன். கீழ்வீட்டு மக்கை நம்பவில்லை.

மறுபடி அழைப்பு வந்தபோது கீழே இறங்கிப் போய்ப் பார்த்தேன். தையல்காரம்மா கூரைக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு நீலத் தார்ப்பாயைக் கட்டியிருந்தார். பட்டு தப்பித்தது. வெளிச்சம் போய்விட்டது. கூடாரத்துக்குள் குழல்விளக்கைச் சாய்த்துவைத்துக்கொண்டு, ஊசியைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தார். கூரையில் ஓர் ஈரத் திட்டு பரவியிருந்தது. எனக்கு அது இலங்கை வரைபடம் போலத் தெரிந்தது.

"எனக்கு எங்க ஓனர் மூஞ்சி மாரி தெரியுது," என்றார் அவர்.

நான் கைபேசியைத் திறந்து, ஒரு டாக்டர் மாதிரி, பச்சை வட்டங்களையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்தேன். என் மூக்குக் கண்ணாடியில் ஒரு சொட்டு விழுந்தது.

"இன்னா சொல்லுது சார் போனு?"

"டிரைங்குது."

அவர் ஊசியை நிறுத்தவில்லை. "எங்கப்பா பூமிக்கு அடியில வேல செஞ்சவரு சார். அங்கயும் தலைக்கு மேலருந்து தண்ணி ஒழுகும்னு சொல்வாரு. ஆனா மேல நிக்கிறவன் போனக் காட்டி, ஒழுகலன்னு சொன்னதா அவரு சொன்னதேயில்ல."

வெட்கத்தில் ஒரு ப்ளம்பரை அழைத்தேன். கன்னடக்காரர். சுவரைத் தட்டினார், காதை வைத்துக் கேட்டார். "பைப் கோடெ ஒளகெ இதெ சார், அல்லே லீக்கு," என்றார். குழாய் சுவருக்குள்ளே போகிறதாம், கசிவு அங்கேதான். இரண்டாவதாக ஒருவர் வந்தார், திருவண்ணாமலைப் பக்கத்து ஆள். சுவர்க் குழாய் என்று கேட்டதும் சிரித்தார். தரைத் தண்ணீர் வெளியேறும் துவாரத்தின் மூட்டுதான் என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்யாத குறை. மூன்றாவது ஆள் முதல் இருவரையும் நினைத்துச் சிரித்துவிட்டு, வெளிச்சுவர் வழியே இறங்கும் மழைத் தண்ணீர் என்றார். மழை பெய்து வெகு நாள் ஆயிற்றே என்றேன். "பழைய மழை சார்," என்றார்.

எங்கே என்பதில்தான் அவர்களுக்குள் சண்டை. ஒடைக்கணும் என்பதில் மூன்று பேரும் ஒற்றுமையாக இருந்தார்கள். எங்கள் வீட்டில் இருப்பதோ ஒரே ஒரு குளியலறை. அதை உடைத்துப் போட்டுவிட்டு வாளியோடு எங்கே போவது? மூன்று ப்ளம்பர்கள் உடைக்கச் சொன்னார்கள். நான்கு பச்சை வட்டங்கள் வேண்டாம் என்றன. பெரும்பான்மைக்குக் கட்டுப்பட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் சாப்பிட வந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கையைக்கூடக் கழுவாமல் குளியலறைக்குள் போனான். பிறகு மெதுவாக ஒரு குரல்.

"மாமா. இங்க கொஞ்சம் வாங்க."

கையில் வில்லையை வைத்துக்கொண்டு நின்றான்.

"இது மேல என்ன இது?"

"கவர்."

"எதுக்கு?"

"தண்ணி படாம இருக்க."

கண்ணாடியில் தன் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டான். பிறகு அக்காவைக் கூப்பிட்டான். அவள் கரண்டியோடு வந்து, "டிவி ரிமோட்டுக்குப் போட்டு வச்சிருக்கோம்ல, அதே மாதிரிதான்டா. வெல ஒசந்த சாமான், ஈரத்துல கெடந்தா கெட்டுடாதா?" என்றாள்.

நான்கு வில்லைகளுக்கும் அழகாக, சுருக்கமில்லாமல், பிளாஸ்டிக் உறை போட்டிருந்தோம். போட்டிருந்தோம் என்று பன்மையில் சொல்வதற்குக் காரணம் உண்டு. உறையை வெட்டியது மனைவி. ரப்பர் பேண்டை இழுத்துப் பிடித்துக்கொண்டது நான். அன்று வேலை முடிந்ததும் சாமான்களை எவ்வளவு பத்திரமாக வைத்துக்கொள்கிற குடும்பம் இது என்று எனக்கு ஒரு நிறைவுகூட வந்தது. வில்லைகள் கத்துவதை நிறுத்தியதும் அதற்குப் பிறகுதான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. பிழைப்புக்கு நான் எழுதுவது மென்பொருள்களின் பயனர் கையேடுகள். அவற்றை யாரும் படிப்பதில்லை என்று இருபது வருடமாகக் குறைபட்டுக்கொண்டிருப்பவன்.

மைத்துனன் உறைகளை உரித்துப்போட்டான். ஈரத் தரையில் வைத்ததுமே வில்லை வீல் என்றது. கைபேசியில் வட்டம் சிவப்பானது. எனக்கு வந்த உற்சாகத்துக்கு அளவில்லை. கைபேசியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி ஓடினேன்.

"அம்மா! ஒழுகுதும்மா! உங்க வீட்ல ஒழுகுது!"

தையல்காரம்மா கூடாரத்துக்குள்ளிருந்து தலையை நீட்டினார். "அப்படியா சார்? ரொம்ப தேங்க்ஸ். நீங்க சொல்லலேன்னா தெரியாமலே போயிருக்கும்."

இதோடு குழப்பம் தீர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முன்பு எதற்கும் வாய் திறக்காத வில்லை இப்போது எதற்கும் வாய் மூடவில்லை. குளியல் ஈரத்துக்குக் கத்துகிறதா, கசிவுக்குக் கத்துகிறதா? யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. மைத்துனன் ஒரு சோதனை சொன்னான். தரையைத் துளி ஈரமில்லாமல் துடைத்து, ஒரு நாள் யாரும் குளிக்காமல் இருந்து பார்ப்பது. என் பழைய லுங்கியால் தரையின் ஒவ்வொரு மூலையையும் துடைத்தோம். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் எங்கள் குளியலறைத் தரை இந்த நிறம் என்று அன்றுதான் பார்த்தேன். வில்லை அமைதியானது. வட்டம் பச்சையானது. இந்த முறை உறை இல்லாத, நேர்மையான பச்சை.

கீழே சொட்டு விழுந்துகொண்டேயிருந்தது. போதாததற்குச் சட்டத்தின் ஓரம்வரை நகர்ந்தும் வந்துவிட்டது.

மைத்துனன் கீழே இறங்கி வந்து கூரையைப் பார்த்தான். "மாமா, இது டைல்ஸுக்கு மேல வர்ற தண்ணியத்தான் பாக்கும். உங்களுது டைல்ஸுக்கு அடியில போகுது. அது மேல ஏறி வரவே வராது." பிறகு தயங்கிச் சொன்னான்: "கணக்குப் பாத்தா, உங்க வீட்டுக்கு நல்ல சென்சார் இவங்க சீலிங்தான்."

"அதத்தான நான் மக்குல புடிச்சிக்கினு வந்து காட்னேன்?" என்றார் தையல்காரம்மா.

அதற்கு மேல் எனக்கு வாதமில்லை. என் வாழ்க்கையில் அபூர்வமாக வரும் உறுதியோடு, "நாளைக்கே ஒடைச்சிடறோம்மா," என்று அறிவித்தேன். அவர் கண்ணில் நீர் வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் பதறிப்போய் எழுந்தார்.

"ஐயோ, இப்பவா? வாணா சார்!"

"ஏம்மா? நீங்கதானே..."

"அப்ப ஒடைங்க ஒடைங்கன்னு தொண்ட கிழியக் கத்துனேன். நீங்க போனக் காட்னீங்க. இப்ப வேல முக்காவாசி ஆயிடுச்சு, முதுகுப் பக்கம் மட்டும்தான் பாக்கி. மேல சுத்தியல் போட்டீங்கன்னா சீலிங் காரை பூரா பட்டு மேல உழும். பேத்து எடுக்க முடியாது. தண்ணின்னா வட்டம், காரைன்னா பட்டே போச்சு."

உடைக்காவிட்டால் தண்ணீர், உடைத்தால் காரை. கல்யாணத் தேதியோ யாருக்காகவும் தள்ளிப்போகிற மாதிரி இல்லை. நான் அந்த அறையின் நடுவில், தார்ப்பாய்க்கு வெளியே, எந்தப் பக்கம் நகர்வது என்று தெரியாமல் நின்றேன். என் பின்னால் வந்து நின்ற மனைவி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இதுல யோசிக்கிறதுக்கு என்ன இருக்கு? சட்டம் நம்ம ஹாலுக்கு வரட்டும். நம்ம பாத்ரூம் வால்வ மூடிடலாம். வேல முடியறவரைக்கும் நாம இங்க வந்து குளிச்சிக்கலாம்." தையல்காரம்மாவிடம் திரும்பி, "ஒனக்கு ஒண்ணும் தொந்தரவு இல்லியே?" என்றாள்.

"எனக்கு என்ன தொந்தரவு அக்கா? சார்தான் பாட்டுப் பாடிக்கினே குளிப்பாரு. மேலருந்தே கேக்கும்."

நான் பாடுவது கீழே கேட்கும் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

தையல்காரம்மாவின் கணவரும் மைத்துனனும் சட்டத்தைத் தூக்கினார்கள். நான் முன்னால் போய், "பாத்து, பாத்து," என்று சொல்லும் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன். மாடிப்படியின் திருப்பத்தில் சட்டம் சிக்கிக்கொண்டது. பட்டு கட்டியபடியே அதைச் செங்குத்தாக நிமிர்த்த வேண்டியிருந்தது. தையல்காரம்மா கீழ்ப்படியில் நின்று, மூச்சுவிடாமல், இரண்டு கைகளையும் அந்தத் துணிக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தார். விழுந்தால் பிடித்துக்கொள்ளலாம் என்பதுபோல. அதுவரை எனக்கு அந்த ரவிக்கை ஒரு புகாராகத்தான் இருந்தது.

எங்கள் சோபா படுக்கையறைக்குப் போனது. கட்டிலில் ஏற வேண்டுமானால் சோபாவைத் தாண்டிப் போக வேண்டும். பால்கனிப் பக்கம் நல்ல வெளிச்சத்தில் சட்டம் நின்றது. காலையில் நான் துண்டும் சோப்பு டப்பாவுமாகக் கீழே இறங்குவேன். அவர் ஊசி டப்பாவும் மணிப் பொட்டலமுமாக மேலே ஏறுவார். படியில் ஒருவருக்கொருவர் ஒதுங்கி வழிவிட்டுக்கொள்வோம். ஆபீஸிலிருந்து வந்தால் என் வீட்டு ஹாலில் எனக்குத் தெரியாத பெண்கள் உட்கார்ந்து கழுத்து டிசைன் பேசிக்கொண்டிருப்பார்கள், என்னைப் பார்த்ததும், "யாரு வேணும்?" என்பார்கள். வால்வை மூடிய பிறகும் கீழே சொட்டியது. பிறகு நின்றது. பிறகு மறுபடி சொட்டியது. மூன்று ப்ளம்பர்களுக்கும் போன் செய்து சொன்னேன். "நான்தான் அன்னைக்கே சொன்னேனே," என்று மூன்று பேரும் சந்தோஷப்பட்டார்கள்.

ரவிக்கையின் முதுகுப் பக்கம் முடியும் தறுவாயில் இருந்த ஒரு காலை. மாங்காய்கள் ஜோடி ஜோடியாகக் கழுத்திலிருந்து இறங்கின. எவ்வளவு நுணுக்கம் என்று பார்க்க, காப்பி டம்ளரோடு குனிந்தேன்.

ஒரே ஒரு சொட்டு. சத்தமே கேட்கவில்லை.

ஊசி நின்றது. மனைவி சமையலறை வாசலில் அப்படியே நின்றாள். அரக்குப் பட்டில், கடைசி ஜோடி மாங்காய்க்குக் கீழே, மிளகளவு ஒரு கறுப்பு மெல்ல அகலமாகிக்கொண்டிருந்தது. எத்தனையோ நாளாக ஒரு குளியலறை முழுவதும் முயன்றும் செய்ய முடியாத காரியம். தையல்காரம்மா துணியை ஒற்றி எடுத்தார். ஒன்றும் போகவில்லை. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"சார், கொஞ்சம் அந்தப் பக்கம் போய் நில்லுங்க."

போய் நின்றேன். அவர் நிறைய நேரம் அந்தக் கறையையே பார்த்தார். பிறகு பொட்டலத்திலிருந்து ஜரிகையை எடுத்து, கறை விழுந்த இடத்தில் ஊசியை இறக்கினார். பகல் உணவுக்கும் எழுந்திருக்கவில்லை. மனைவி தட்டில் போட்டுக்கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தது ஆறிப்போனது.

பெண்ணின் அம்மா எங்கள் வீட்டுக்கே வந்து ரவிக்கையை வாங்கிக்கொண்டார். பால்கனி வெளிச்சத்தில் விரித்து, முன்பக்கம் பார்த்தார், கை பார்த்தார், திருப்பி முதுகைப் பார்த்தார். விரல் ஓர் இடத்தில் நின்றது.

"எல்லா மாங்காயும் ஜோடியா இருக்கு. இது ஒண்ணு மட்டும் ஏன் தனியா, சின்னதா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"அது திருஷ்டிக்கும்மா," என்றார் தையல்காரம்மா. "எல்லாமே சரியா இருந்தா கண்ணு பட்டுடும். முகூர்த்தத்துக்கு நான் எப்பவும் ஒண்ணு அப்படிப் போடுவேன்."

அந்த அம்மாள் முகம் மலர்ந்தது. அந்தச் சின்ன மாங்காயை விரலால் தடவினார். "அப்ப ரிசப்ஷன் ப்ளவுஸுலயும் ஒண்ணு போட்டுடும்மா. சின்னவ கல்யாணமும் வருது, அதுவும் நீதான்," என்று சொல்லி, ரவிக்கையை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினார். ஆட்டோ கிளம்பிப் போகும் சத்தம் கேட்கும்வரை தையல்காரம்மா அசையவில்லை. பிறகு வெறும் சட்டத்தின் மேல் இரண்டு கைகளையும் ஊன்றி நீளமாக மூச்சுவிட்டார். இனி அவர் வேறு ஏரியாவுக்குப் போக வேண்டியதில்லை.

"போங்க சார்," என்றார் திரும்பிப் பார்க்காமலே. "இப்ப ஒடைக்கச் சொல்லுங்க."